குழாயம்மனும் ஒன்பதாவது சிப்பும்

தண்ணீர் தப்பான தெருவில் வந்துகொண்டிருந்தது.

அதுதான் புகார். கொடுத்தவர்கள் பவள நகர்வாசிகள். இரண்டு ஓய்வுபெற்ற நீதிபதிகள், ஓர் இதய நிபுணர், ஒரு முன்னாள் மந்திரியின் இந்நாள் மனைவி என்று கையெழுத்துகளே அரைப் பக்கத்துக்கு இருந்தன. 'எங்கள் நீச்சல் குளத்தில் முழங்கால் வரைதான் தண்ணீர் நிற்கிறது. பீங்கான் தெருவிலோ மாட்டைக் குளிப்பாட்டுகிறார்கள்' என்று எழுதி, போட்டோவும் இணைத்திருந்தார்கள். போட்டோவில் மாடு மிகவும் சந்தோஷமாகத் தெரிந்தது.

"ஹேக்கிங்," என்றார் குலோத்துங்கன். நீர்ப் பங்கீட்டு ஆணையத்தின் கூடுதல் இயக்குநர். ஓய்வு பெற ஒரு வருஷம்தான் பாக்கி என்பதால் எதிலும் ஒரு பயம்.

"மாட்டைக் குளிப்பாட்ட எவன் சார் ஹேக் பண்ணுவான்?" என்றாள் அமலோற்பவம்.

அமலோற்பவம் ஹார்டுவேர் என்ஜினியர். சர்வர்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் கூப்பிடப்படுபவள். ஆணையத்தில் எல்லாரும் அமலா என்பார்கள். குலோத்துங்கன் மட்டும் முழுப் பெயரையும் சொல்வார். மரியாதைக்காக அல்ல, நடுவில் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும் என்பதற்காக.

பெருவறட்சிக்குப் பிறகு இந்த ஊரில் தண்ணீர் விஷயத்தில் மனிதர்களை நம்புவதை விட்டுவிட்டார்கள். முன்பெல்லாம் வால்வு திறக்கிறவன் ஒருவன் இருந்தான். அவனுக்கு மேல் ஒரு கவுன்சிலர், கவுன்சிலருக்கு மேல் ஒரு மச்சான். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஊரின் அத்தனை வால்வுக்கும் மோட்டார் வைத்து, சாவியை ஒரு சர்வரிடம் கொடுத்தார்கள். அதன் பெயர் தராசு. ஒவ்வொரு பேட்டைக்கும் பூஜ்யம் முதல் இருநூற்று ஐம்பத்தைந்து வரை ஒரு தேவை எண். ஆள் அதிகம் என்றால் எண் ஏறும். ஆஸ்பத்திரி இருந்தால் ஏறும். சொந்தக் கிணறு, நிலத்தடித் தொட்டி இருந்தால் இறங்கும். பெரிய எண்ணுக்கு அதிகத் தண்ணீர், சின்ன எண்ணுக்குக் கொஞ்சம். சிபாரிசு கிடையாது. மெஷினுக்கு மச்சான் இல்லை என்பதுதான் மொத்த வாதமும்.

"ஹேக்கிங் இல்லைன்னா வேற என்ன?"

"எரர் லாகைப் பார்த்தேன் சார். தராசை நிறுவின நாள்லேருந்து மெமரியில ஒரு தப்புகூடப் பதிவாகலை."

"நல்லதுதானே, அமலோற்பவம்?"

"எந்த மெமரியும் அவ்வளவு யோக்கியம் கிடையாது சார். ஆகாசத்துலேருந்து ஒரு துகள் வந்து விழுந்தாலே ஒரு பிட் புரண்டு படுத்துக்கும். நல்ல சர்வர்னா அப்பப்ப ஒரு தப்பு பண்ணும், தானே திருத்திக்கும், திருத்தினதை எழுதியும் வைக்கும். தப்பே இல்லைன்னா, ஒண்ணு அது கடவுளா இருக்கணும், இல்லைன்னா எழுதறவன் செத்துப் போயிருக்கணும்."

தராசை நிறுத்தினால் ஊர் முழுக்கக் குழாய் மூடிக்கொள்ளும். மதியம் எல்லாரும் சாப்பிட்டுவிட்டுக் கண் சொருகும் நேரத்தில் மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்த அனுமதி உண்டு. அந்த நேரத்தில் அமலா, உடம்பின் நிலைமின்சாரம் சிப்பைச் சுடாமலிருக்க, மணிக்கட்டில் எர்த் பட்டையைக் கட்டிக்கொண்டு மூடியைக் கழற்றினாள். உள்ளே பதினாறு ராம் ஸ்டிக்குகள் வரிசையாக நின்றன. ஒன்றைப் பிடுங்கி, காற்றில் தூக்கிக் காட்டினாள்.

"இதுல கறுப்பா எத்தனை சிப் இருக்கு, எண்ணுங்க சார்."

"எட்டு."

"ஒன்பது இருக்கணும். எட்டு வேலைக்காரன், ஒன்பதாவது காவல்காரன். எட்டு பேர்ல ஒருத்தன் ஏமாத்தினா இவன் பிடிச்சுச் சரி பண்ணி, லாக்ல எழுதுவான். காவல்காரன் உள்ளது, இல்லாதது, ரெண்டு வகை ஸ்டிக்கும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். காவல்காரன் இல்லாதது மலிவு. அவன் உட்கார வேண்டிய இடம் காலியா இருக்கு பாருங்க. பதினாறுலயும் இப்படித்தான். யார் சார் சப்ளை பண்ணது?"

குளிரூட்டப்பட்ட அறையில் குலோத்துங்கனுக்கு வியர்த்தது.

மெஷினுக்கு மச்சான் இல்லை. மெஷினை வாங்கியவருக்கு இருந்தான்.

"நல்ல பையன்மா," என்றார் கடைசியில். "கொஞ்சம் அவசரக்காரன். அதை விடு. பீங்கான் தெருவுக்கு என்ன ஆச்சு? அதைச் சொல்லு."

"ஒரு எண்ணுங்கறது எட்டு விளக்கு மாதிரி. எதெல்லாம் எரியுதோ அதைக் கூட்டினா எண் கிடைக்கும். பெரிய விளக்கு ஒண்ணு எரிஞ்சாலே நூத்து இருபத்தெட்டு. பீங்கான் தெருவோட எண் உட்கார்ந்திருக்கற இடத்துல அந்தப் பெரிய விளக்கு அணையவே மாட்டேங்குது. காவல்காரன் இருந்தா தட்டி அணைச்சிருப்பான்."

"அப்ப அந்தத் தெருவோட உண்மையான எண்?"

"பூஜ்யம்."

"பூஜ்யமா? ஆளே இல்லையா?"

"உங்க கணக்குப்படி அது மூடிப்போன பீங்கான் ஃபேக்டரி சார். குடியிருப்போர் யாரும் இல்லை."

"போட்டோவுல மாடு இருக்கே."

"மாட்டைத் தேவை எண்ணுல சேர்க்கறதில்லை சார்."

குலோத்துங்கன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "சரி. நேர்ல போய்த் திருட்டு இணைப்பு எதுவும் இல்லைன்னு பார்த்துட்டு வந்து, இதைச் சரி பண்ணிடு. சத்தம் போடாம."

மெமரிக் கோளாறுக்கு முதல் வைத்தியம் எங்கேயும் ஒன்றுதான். ஸ்டிக்கைப் பிடுங்கு, தங்கப் பல் வரிசையைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய், ஊது, திரும்பச் செருகு. பாதி நோய் அதிலேயே போய்விடும். அமலா தேய்த்தாள், ஊதினாள், செருகினாள். பீங்கான் தெருவின் பெரிய விளக்கு அணையவில்லை.

* * *

பீங்கான் தெரு முழுக்க வெள்ளையாக இருந்தது. இந்த வீட்டு மாடிக்கும் அந்த வீட்டு மாடிக்கும் கயிறு கட்டி, ஆஸ்பத்திரி பெட்ஷீட்டுகள் நூற்றுக்கணக்கில் காய்ந்தன. அடியில் குனிந்து போனால், தெருமுனையில் குழாய். குழாய்க்கு மஞ்சள் பாவாடை கட்டியிருந்தார்கள். நெற்றி மாதிரி இருந்த இடத்தில் குங்குமம், அதற்கு மேல் வெள்ளியில் இரண்டு கண், கழுத்தில் எலுமிச்சை மாலை. வாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"குழாயம்மன்," என்றாள் ஒரு பெண், சோப்பு நுரைக் கையை இடுப்பில் துடைத்தபடி. "கும்புட்டுக்கோ. கேட்டதைக் குடுப்பா. நம்ம கேட்டது தண்ணிதான்."

அவள் பெயர் பொற்கொடி. நாற்பது பெண்கள் சேர்ந்து நடத்தும் சலவைக் கூட்டத்துக்குத் தலைவி. குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும்.

"எப்பலேருந்துக்கா தண்ணி வருது?"

"போன ஆடிக்கு முன்ன. அதுவரிக்கும் லாரிதான். ஒரு நாள் காலைல இந்தக் குழா கொர்ருனு இருமிச்சு. எலி கிலி மாட்டிகிச்சோன்னு நெனச்சோம். இருமி முடிச்சுட்டு ஊத்துச்சு பாரு! எங்க மாமியா, முட்டி வலின்னு ஆறு வருசமா கட்டில விட்டு எறங்காதவ, சாமி வந்து இந்த முனைலேருந்து அந்த முனைக்கு ஆடிட்டா. அன்னிக்கே பாவாடை கட்டிட்டோம்."

"முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?"

"இன்னா வேலையா? தண்ணிக்குக் காத்துகினு கீறது. அதான் வேலை. முழு நேரம். பென்சன் கெடையாது." சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். "இப்ப நாலு ஆஸ்பத்திரி பெட்சீட்டு எங்ககிட்டதான் வருது. இந்தத் தெருவுக்கு எவனும் பொண்ணு குடுக்க மாட்டான், தெரியுமா? தண்ணி வந்தப்புறம் மூணு கல்யாணம் ஆச்சு. நீ யாரும்மா? வாட்டர் டாக்ஸா?"

அமலாவுக்குப் பொய் சொல்லப் பிடிக்கும். ஆனால் வெள்ளிக் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. மாதாவுக்குப் பட்டுப்புடவை சாத்தும் குடும்பத்தில் பிறந்தவள், கண் வைத்த எதற்கும் கொஞ்சம் பயப்படுவாள். இருந்ததை இருந்தபடி சொன்னாள். அம்மன் இல்லை, ஒரு ராம் ஸ்டிக். எட்டு விளக்கு. அணையாத ஒன்று.

"சரி பண்ணா?"

"நின்னுடும்க்கா."

துவைகல் சத்தம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது.

"சரியா இருந்தப்ப அந்த மெசினுக்கு நாங்க எவ்ளோ?"

"பூஜ்யம்."

பொற்கொடி யோசித்தாள். "அப்ப கோளாறு வந்தப்புறந்தான் அதுக்குக் கண்ணு தெரிஞ்சிருக்கு. நீ கண்ண நோண்ட வந்துகிறே."

"அக்கா, உங்களுக்கு வர்றது ஆகாசத்துலேருந்து வரலை. வேற யாருக்கோ குறையுது."

"யாருக்கு?"

"பவள நகர்ல நீச்சல் குளம் முழங்கால் வரைக்கும்தான் ரொம்புதாம்."

நாற்பது பேரும் சிரித்த சிரிப்பில் ஒரு பெட்ஷீட் கயிற்றிலிருந்து நழுவியது.

"அவங்க மட்டும் இல்லைக்கா. கருமாங்குளம்னு ஒரு ஏரியா. வீட்டுக்கு நாலு குடம். அதுக்கு மேல குழாய்ல காத்துதான் வரும்."

"அங்க யாரு கீறாங்கோ?"

"நான்தான்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பொற்கொடி ஒரு சொம்பை எடுத்து அம்மன் வாயில் பிடித்து, ததும்பத் ததும்ப நீட்டினாள்.

"குடி. உன்துதானே."

* * *

கோளாறு ஸ்டிக்கிலா, ஸ்டிக் செருகும் ஸ்லாட்டிலா? ஸ்டிக் என்றால் தூக்கிப் போட்டுவிடலாம். ஸ்லாட் என்றால் தராசையே தூக்கிப் போட வேண்டும். கண்டுபிடிக்க ஒரே வழி, சந்தேகப்படும் ஸ்டிக்கையும் இன்னொரு ஸ்டிக்கையும் இடம் மாற்றிப் போடுவது. தராசின் பட்டியல் எப்போதும் ஒரே ஒழுங்கில்தான் மெமரியில் ஏறும். ஆகவே பீங்கான் தெருவிலேயே தண்ணீர் கொட்டினால் ஸ்லாட் குற்றவாளி. வேறெங்காவது கொட்டினால் ஸ்டிக். காவல்காரன் எழுதி வைத்திருந்தால் உட்கார்ந்த இடத்தில் படித்திருக்கலாம். அவன் இல்லாததால் ஊரையே லாகாகப் படிக்க வேண்டியிருந்தது.

அமலா சந்தேக ஸ்டிக்கில் சிவப்பு டேப் ஒட்டி, ஏழாவது ஸ்லாட்டில் செருகினாள். தராசு எழுந்து உட்கார்ந்தது. பீங்கான் தெரு பூஜ்யமானது. சாயங்காலம் வரை எங்கிருந்தும் சேதி இல்லை. பிறகு போன் வந்தது.

"மேடம், மயானத்துலேருந்து பேசறேன். காவலாளி எத்திராஜ். இங்க தண்ணி பிச்சுகினு ஊத்துது மேடம். நிறுத்தச் சொல்லுங்க. விறகெல்லாம் ஊறிப் போச்சு. பாடி ரெண்டு வெயிட்டிங்."

மயானத்தின் தேவை எண் மூன்று. மூன்றும் நூற்று இருபத்தெட்டும் நூற்று முப்பத்தொன்று. செத்தவர்களுக்கு மூன்று வேளைக் குளியல்.

ஸ்டிக்தான் என்று முடிவாயிற்று. காலையில் அமலா மயானத்தைப் பார்க்கப் போனாள். தூரத்திலேயே பம்பைச் சத்தம் கேட்டது. கேட்டைத் தாண்டியதும் நின்றுவிட்டாள்.

பீங்கான் தெரு மொத்தமும் மயானத்தில் இருந்தது. நாற்பது பெண்களும் கல்லறை மேடைகளைத் துவைகல்லாக்கி அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். வேப்ப மரங்களுக்கு நடுவே வெள்ளை பெட்ஷீட்டுகள் அசைந்தன. அந்த நேரம் பார்த்து ஒரு சவ ஊர்வலம் உள்ளே வர, முன்னால் சங்கு ஊதியவன் வெள்ளையாக ஆடுவதைப் பார்த்து ஊதுவதை நிறுத்தி, சங்கைப் போட்டுவிட்டு ஓடினான். மயானக் குழாய்க்கு மஞ்சள் பாவாடை கட்டியாயிற்று. வெள்ளிக் கண்கள் இடம் மாறியிருந்தன.

"இன்னாத்துக்கு இப்படிப் பாக்கறே?" என்றாள் பொற்கொடி. "அம்மன் மயானத்துக்குப் போறது புதுசா? வருசா வருசம் மாசில மயானக் கொள்ளைக்குப் போவா. இந்த வாட்டி கொஞ்சம் முன்னாடியே கெளம்பிட்டா."

"அக்கா, நான்தான் உங்ககிட்ட எல்லாம் சொன்னேனே."

பொற்கொடி குரலைத் தாழ்த்தினாள். அவளுக்கு அது வராது, இருந்தாலும் முயற்சி செய்தாள். "சொன்னே. மயானத்துல ஊத்துதுன்னு காவலாளி சொல்லி ராவே தெரிஞ்சிகினேன். நான் இவளுங்ககிட்ட 'ராம் ஸ்டிக்கு மயானத்துக்குப் போய்கீது, வாங்கடீ'ன்னா எவ வருவா? அம்மன்னேன். மூட்டையத் தூக்கிகினு எனக்கு முன்னாடி ஓடறாளுங்க. ஆஸ்பத்திரிக்கு நாளைக்கு பெட்சீட்டு குடுத்தாவணும்மா. இல்லாங்காட்டி வேற ஆளப் பாத்துப்பான்."

ஒரு கிழவர் இரண்டு குடங்களை சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தார். "செத்தாத்தான் இங்க வருவோம்னு நெனச்சேன்," என்றார் அமலாவிடம். "நாலு பேரு தூக்கிகினு வருவாங்கோன்னு பாத்தா, நான் தூக்கிகினு போறேன்."

"இதை எத்தினி நாளு விடுவே?" என்றாள் பொற்கொடி.

"புது ஸ்டிக் வர்ற வரைக்கும்."

"வந்துட்டா?"

அமலா குழாயின் வெள்ளிக் கண்களைப் பார்த்தாள். பொற்கொடி கல்லறை மேடைப் பக்கம் திரும்பினாள். பெட்ஷீட்டை ஓங்கி அடித்தாள். அடியில் யாரோ ஒரு 'அமரர்' இருந்தார்.

* * *

"பதினாறையும் மாத்தணும் சார். ஒரு ஸ்டிக்குல காவல்காரன் இல்லைன்னாகூட, மத்த காவல்காரங்களும் வேலையை விட்டுட்டுப் படுத்துப்பாங்க."

"மாத்து. பழசையெல்லாம் ஸ்கிராப்ல போட்டுடு. என் மச்சான் பேர் எங்கேயும் வரக் கூடாது."

"பீங்கான் தெருவைக் கணக்குல சேர்த்துடுங்க சார். அங்கே ஆள் இருக்காங்க. நான் பார்த்தேன். தண்ணிகூடக் குடிச்சேன்."

குலோத்துங்கன் பெருமூச்சு விட்டார். "அமலோற்பவம், ஒரு எண்ணை மாத்தணும்னா ஆணையம் கூடணும். பொது அறிவிப்பு போடணும். ஆட்சேபம் கேட்கணும். அப்புறம் நான் கையெழுத்துப் போடணும். ஒருத்தருக்குப் போட்டா ஊர்ல பாக்கிப் பேர் எல்லாம் வாசல்ல வந்து நிப்பாங்க. நான் நிம்மதியா ரிட்டயர் ஆகணும்மா."

புது ஸ்டிக்குகள் வந்தன. எண்ணிப் பார்த்தாள், ஒவ்வொன்றிலும் ஒன்பது. பழைய பதினாறையும் பிடுங்கி ஒரு கோணிப்பையில் கொட்டினாள். புதியவற்றை ஒவ்வொன்றாகச் செருகினாள். க்ளிக், க்ளிக் என்று அழகாகப் போய் உட்கார்ந்தன. ஒரு தடவைகூடக் கை நிற்கவில்லை. அதுதான் அவளுக்கே பிடிக்கவில்லை. ஏழாவதைச் செருகும்போது, வீட்டில் ஒரு வாளி நிறையத் தண்ணீர் என்ற எண்ணம் ஒரு கணம் குளிர்ச்சியாக வந்து போனதையும் கவனித்தாள்.

மறுநாள் காலையில் கருமாங்குளத்தில் அவள் வீட்டுக் குளியலறையிலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. கணவன் ஜெரால்டு பி.டி. மாஸ்டர். ஊர்ப் புழுதி முழுக்க மேலே அப்பிக்கொண்டு வீட்டுக்கு வருபவன். கல்யாணமான நாளிலிருந்து அவன் ஈரத் துண்டால் துடைத்துக்கொள்வதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

"அமலு! ஷவர்ல தண்ணி வருது! ஷவருக்குள்ள ஓட்டை இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது!"

"பாட்டு மட்டும் வேண்டாம்."

"நாலு குடமும் ரொம்பி, வாளி ரொம்பி, சட்டி ரொம்பிடுச்சு. எவனோ ஒரு புண்ணியவான் மெஷினை ரிப்பேர் பண்ணிட்டான்!"

சத்தம் போடாமல் என்ற உத்தரவால், தராசைத் தொட்டது யார் என்று அமலா வீட்டில் சொல்லியிருக்கவில்லை. சமையலறைத் தரையில் வரிசையாக நின்ற பாத்திரங்களைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் விளிம்பு வரை தண்ணீர் நின்றது. பொற்கொடி இப்போது எங்கே துவைத்துக்கொண்டிருப்பாள் என்று யோசித்தாள். அந்த ஸ்டிக் இப்போது எந்த ஸ்லாட்டிலும் இல்லை. அதனால் அம்மனும் எங்கேயும் இல்லை.

போன் அடித்தது.

"அமலோற்பவம்!" நடுவில் மூச்சு வாங்கவில்லை. "என்ன பண்ணித் தொலைச்சே? பவள நகர்ல தண்ணியே இல்லை! முழங்கால் இல்லைம்மா, கணுக்காலும் இல்லை. நீதிபதி வீட்டுக் குளத்துல தவளை செத்துக் கிடக்கு. நானும் இங்கதானே குடியிருக்கேன், என் வீட்டு ஃப்ளஷ்ல காத்து வருது!"

* * *

தராசின் திரையில் பவள நகருக்கு எதிரே ஒன்பது என்று இருந்தது.

"இதுதான் சார் உங்க உண்மையான எண். வீட்டுக்கு வீடு கிணறு, நிலத்தடித் தொட்டி, குளம். ஆளும் கம்மி. தராசு சரியாத்தான் கணக்குப் போட்டிருக்கு."

"இத்தனை நாளா நல்லா வந்துதே?"

"இத்தனை நாளா நூத்து முப்பத்தேழா இருந்திருக்கீங்க. உங்க ஸ்டிக்குலயும் அதே பெரிய விளக்கு முதல் நாள்லேருந்தே எரிஞ்சிருக்கு. போன வருஷம் பீங்கான் தெருவும் உள்ளே வரவும், உங்க பங்கு கொஞ்சம் குறைஞ்சு குளம் முழங்காலுக்கு இறங்கிடுச்சு. நீங்களும் கோளாறுதான் சார். பீங்கான் தெருவுக்கு அண்ணன் முறை."

குலோத்துங்கன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"எண்ணை ஏத்திடு."

"ஏத்தலாம் சார். ஆணையத்தைக் கூட்டுங்க. 'நீச்சல் குளம் வைத்திருப்பவர்களுக்குத் தண்ணீர்த் தேவை அதிகம் என்பதால்'னு பொது அறிவிப்பு அடிச்சு, நீங்க ஒரு கையெழுத்து..."

குலோத்துங்கன் அறைக் கதவு மூடியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

"பழைய ஸ்டிக்கையே போட்டுடும்மா," என்றார் மெதுவாக. "எதுவும் எழுத வேண்டாம். பழையபடி இருந்துட்டுப் போகட்டும். தப்புக்குக் கையெழுத்து வேண்டாம் பாரு."

அமலா அவரை ஒரு புது மரியாதையோடு பார்த்தாள். அரசாங்க வேலையில் முப்பது வருஷம் இருந்தால்தான் இப்படி ஒரு வாக்கியம் வாயில் வரும்.

"போட்டுடறேன் சார்," என்றாள்.

அவர் போனதும் கோணிப்பையை இழுத்துத் தரையில் கவிழ்த்தாள். பதினாறு ஸ்டிக்குகள். பதினைந்து ஒரே முகம். எது எங்கே இருந்தது என்று எதிலும் ஒட்டவில்லை. ஸ்கிராப்புக்குப் போவதில் யார் பெயர் எழுதுவார்கள்? ஒன்றில் மட்டும் சிவப்பு டேப்.

உடனே எடுக்கவில்லை. முதலில் திரையில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பீங்கான் தெருவுக்கு நூற்று இருபத்தெட்டு கொடுத்தால், பவள நகர் ஒன்பதிலேயே இருந்தால், மிச்சம் எப்படிப் பிரியும்? விடை வந்தது. சுற்றியிருக்கிற ஐந்து பேட்டைகளுக்கு வீட்டுக்கு ஒரு வாளிக்கும் மேல் குறையும். ஐந்தில் கருமாங்குளமும் ஒன்று. கோடியில் இருக்கும் பேட்டை, ஊரில் எங்கே ஒரு பெரிய விளக்கு தப்பாக எரிந்தாலும் முதலில் குறைவது அங்கேதான். மறுபடி நாலு குடம்.

இன்னொரு முறை போட்டுப் பார்த்தாள். தராசு கணக்கில் நேர்மையானது. அதே விடையைச் சொன்னது.

ஜெரால்டின் பாட்டு ஞாபகம் வந்தது. மகா மட்டமான குரல். சிவப்பு டேப் ஸ்டிக்கை எடுத்து, பல் வரிசையை ரப்பரால் நிதானமாகத் தேய்த்தாள். ஊதினாள். மதிய நிறுத்த நேரத்தில், அதன் பழைய ஸ்லாட்டிலிருந்த புதியதைப் பிடுங்கிவிட்டு அங்கேயே செருகினாள். புதிய பதினைந்து ஸ்டிக்குகளின் காவல்காரர்களும் ஒரே நேரத்தில் தலையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டார்கள். பரவாயில்லை, காவல் காக்க அங்கே வேறு கோளாறு எதுவும் இல்லை. திரையில் பீங்கான் தெருவுக்கு எதிரே பெரிய விளக்கு எரிந்தது.

அரை மணியில் பொற்கொடி போன் செய்தாள். முதலில் ஒரு குழாய் இருமுகிற சத்தம் கேட்டது. பிறகு கொட்டுகிற சத்தம். பிறகு பம்பை.

"திரும்பி வந்துட்டா," என்றாள் பொற்கொடி. "மயானக் கொள்ளை முடிஞ்சு வூட்டுக்கு வந்துட்டான்னு சொல்லிகிறேன். சரிதானே?"

"சரிதான்க்கா."

"எவ்ளோ நாளைக்கு?"

"யாரும் கையெழுத்துப் போடாத வரைக்கும்."

சாயங்காலம் குலோத்துங்கன் வந்தார். நடையில் அவசரம். "பவள நகர்ல இன்னும் வரலையே?"

"ஒண்ணு போட்டிருக்கேன் சார். அது பீங்கான் தெருவோடது. உங்களோடது மிச்சம் பதினைஞ்சுல எதுன்னு தெரியாது."

"எழுதி வைக்கலையா?"

"ஸ்கிராப்னு சொன்னீங்க. இப்ப ஒவ்வொண்ணா ஒவ்வொரு ஸ்லாட்டா போட்டு, ஊர்ல எங்கே கொட்டுதுன்னு பார்க்கணும். நடுவுல ஜெயில்ல கொட்டலாம், கோர்ட்டுல கொட்டலாம், எதிர்க்கட்சி ஆபீஸ்ல கொட்டலாம். பத்திரிகைக்காரன் வந்து ஏன்னு கேட்பான். எந்த ஸ்டிக், யார் சப்ளைன்னு கேட்பான். எனக்கு ஒண்ணும் இல்லை சார். 'பழைய ஸ்டிக்குகளைப் போட்டுச் சோதிக்கவும்'னு எழுத்துல ஒரு வரி கொடுங்க, நாளைக்கே ஆரம்பிக்கிறேன்."

குலோத்துங்கன் கோணிப்பையைப் பார்த்தார். பிறகு பீங்கான் தெரு ஸ்டிக் இருந்த ஸ்லாட்டைப் பார்த்தார். அதைப் பிடுங்கச் சொல்லவும் ஒரு வரி எழுத வேண்டும் என்பது அவருக்கு மெல்லப் புரிந்தது.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றார்.

அவர் யோசிக்கத் தொடங்கினார். பவள நகருக்குத் தண்ணீர் லாரி போகத் தொடங்கியது. நீதிபதிகள் இருவரும் வரிசையில் யார் முன்னால் என்பதில் மாறுபட்ட தீர்ப்புகள் வழங்கினார்கள்.

* * *

அமலா வீட்டுக்குள் நுழையும்போதே குளியலறையில் ஷவர் கொர்ரென்று காற்று விடும் சத்தம் கேட்டது.

"அமலு!" ஜெரால்டு கதவிடுக்கில் தலையை நீட்டினான். தலை முழுக்க வெள்ளை நுரை, கண் இரண்டும் இறுக மூடியிருந்தன. "நின்னுடுச்சு! காலைல ஷவர்ல பாடினேன், ரொப்பி வெச்ச தண்ணியில வீடு பூரா கழுவி விட்டேன், சாயங்காலம் பார்த்தா நாலாவது குடத்தோட காத்து! ரெண்டு குடம் எனக்கு, ரெண்டு உனக்குன்னு வெச்சேன். என்னது ரெண்டும் காலி, இன்னும் தலை அலசலை!"

அமலா பையை இறக்கி வைத்தாள். காலையிலிருந்து சர்வர் அறைத் தூசியும் கோணிப்பைத் தூசியும் கழுத்தில் பிசுபிசுத்தன. கதவோரத்தில் அவள் பங்கு இரண்டு குடம், தட்டு போட்டு மூடியபடி இருந்தது.

"இந்த மெஷினை எவன்டி பார்த்துக்கறான்?" ஜெரால்டு சுவரைத் தடவிக்கொண்டு கத்தினான். "காலைல புண்ணியவான்னு சொன்னேனே, அந்தப் படுபாவி மட்டும் என் கையில கிடைச்சான்னா, குழாயிலயே கட்டிவெச்சு..."

"வாயை மூடு. சோப்பு உள்ளே போகும்," என்று சொல்லிவிட்டு, அமலா தன் குடத்தைத் தூக்கி அவன் தலையில் கவிழ்த்தாள்.